எனக்கு வெரசா, அவளுக்கு மெதுவா

நம் வயதுக்காரர்கள் எல்லோரையும் யாராவது ஒருவர் விரட்டி விரட்டித்தான் வளர்த்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அது யாரோ. எங்கள் வீட்டில் அம்மா. வெரசா எந்திரி, சுருக்கா குளி, சட்டுன்னு முழுங்கு, கிடுகிடுன்னு நட. காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில் என் காதில் விழுந்ததெல்லாம் இதுதான். என் பெயரையே அம்மா பாதியாக வெட்டித்தான் கூப்பிடுவாள். முழுசாகக் கூப்பிட அவளுக்கு நேரம் போதாது.

அம்மா மேல் தப்பில்லை. அப்பா எழுமலையில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார், சனிக்கிழமைதான் வருவார். அம்மாவும் நானும் கீழக்குயில்குடிக்குப் பிரியும் ரோட்டோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா டவுனில் தெற்கு வாசல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். நானும் அதே பள்ளி, எட்டாம் வகுப்பில் அம்மாவிடமே படித்தேன். எட்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எட்டே முக்காலுக்கு. அதற்குள் பள்ளியில் பிரேயர் முடிந்துவிடும். அதனால் அம்மா நின்றுகொண்டே சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே எனக்குத் தலை பின்னுவாள். அந்த வருஷம் என் இடது சடையில் எப்போதும் சட்னி வாசம் இருந்தது.

நான் சொல்ல வந்தது அந்த வருஷத்து ஆடி, ஆவணி மாதங்களில் நடந்தது. காற்று மலைப்பக்கமிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும். வகுப்பறை ஜன்னலை மூடினால் வேக்காடு, திறந்தால் நோட்டெல்லாம் மண். அப்படி ஒரு மத்தியானம் அம்மா கரும்பலகையில் இங்கிலீஷில் ‘ஹரி’ என்று எழுதி அர்த்தம் கேட்டாள்.

முன் பெஞ்சுக்காரி எழுந்து, “பெருமாள், டீச்சர்” என்றாள்.

வகுப்பே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். “அழகர் கோயில்ல சொல்றது வேற ஹரி. இது அவசரம். ஹரி அப்-ன்னா வெரசா பண்ணுன்னு அர்த்தம்.” பிறகு ஒவ்வொன்றாக எழுதினாள். ஹேஸ்ட் என்றால் பதற்றத்தோடு வருகிற அவசரம், அதில் காரியம் கெடும். ரஷ் என்றால் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஜனம் முண்டியடிக்கிறதே, அது. குயிக் என்றால் சுறுசுறுப்பு, நல்ல வார்த்தை. “சரி, நம்ம வீட்டுகள்ல அவசரத்துக்கு என்னென்ன சொல்லுவோம்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க.”

எனக்கு மேல் இதில் யாருக்குத் தெரியும்? கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வெரசா, சுருக்கா, சட்டுபுட்டுன்னு, மளமளன்னு, பொசுக்குன்னு என்று ஐந்தை மூச்சுவிடாமல் அடுக்கினேன். அம்மா, “ஒண்ணுதான் கேட்டேன், உக்காரு” என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

கடைசி பெஞ்சில் பெட்டிக்காரர் மகள் இருந்தாள். அவளுடைய அத்தா பக்கத்துத் தெருவில் தகரப் பெட்டியும் வாளியும் செய்து விற்கிற கடை வைத்திருந்தார். நல்ல உயரம், கெட்டியான கண்மை. அவளுக்கு வாய் திக்கும். அதனால் எந்த டீச்சரும் அவளிடம் கேள்வி கேட்பதில்லை. அவளும் ஏதும் பேசுவதில்லை.

அவள் எழுந்தாள். “ஜ…” என்றாள். மறுபடியும் “ஜ… ஜ…” கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா கையில் சாக்பீஸோடு அசையாமல் நின்றாள். எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்க எடுக்கும் நேரம்கூடக் காத்திருக்க முடியாத என் அம்மா, மேஜையில் சாய்ந்துகொண்டு, “மெதுவா. நேரம் இருக்கு” என்றாள்.

“ஜல்தி” என்றாள் அவள் கடைசியில்.

அம்மா அதைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள். என் ஐந்தில் ஒன்றுகூடப் பலகையில் ஏறவில்லை.

பொறாமை எப்போது தொடங்கியது என்று பொதுவாக யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. அந்த ‘ஜ’வின் மேல் அம்மா வைத்த அழுத்தத்தில் சாக்பீஸ் ஒடிந்ததே, அப்போது.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் அம்மா அவளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னாள். நான் வராந்தாவில் பையோடு காத்திருப்பேன். காற்றில் வேப்பம்பழம் பொத்துப் பொத்தென்று விழும். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். “அவசரமில்லம்மா. மூச்சு விட்டுக்க. திரும்பச் சொல்லு.” அந்தக் குரல் அம்மாவிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று நினைப்பேன். மணி ஐந்தானதும் வெளியே வந்து, செருப்பை மாட்டும்போதே ஆரம்பிப்பாள். “வெரசா நட, பஸ் போயிரும்.”

ஒரு சனிக்கிழமை அப்பா வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு என்ன தோன்றியதோ, “அ… அ… அம்மா, ர… ர… ரசம்” என்றேன்.

அப்பா பயந்துவிட்டார். “என்னாத்தா ஆச்சு புள்ளைக்கு? எதையும் பாத்து பயந்துருச்சா? காலையில கோயில்ல ஒரு கயிறு வாங்கிக் கட்டுவமா?”

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு ஓங்கி ஒரு அறை விட்டாள். என் கன்னத்தில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டது. மறுநாள் அப்பா நிஜமாகவே கருப்புக் கயிறு கொண்டுவந்து என் கையில் கட்டினார். அம்மா எதற்காக அடித்தாள் என்று அவர் கேட்கவுமில்லை, அம்மா சொல்லவுமில்லை.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் பள்ளியில் இங்கிலீஷ் பேச்சுப் போட்டி வைப்பார்கள். மூன்று நிமிடம் பேச வேண்டும், மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். என் பெயரைக் கொடுக்கப் போனேன். அம்மா பட்டியலைக் கையால் மறைத்தாள். “டீச்சர் மகளுக்கு எடம் குடுத்துட்டாங்கன்னு பேச்சு வரும். நீ அடுத்த வருசம் பேசு. எப்பிடியும் நீ பேசிருவ.” பட்டியலின் கடைசியில் பெட்டிக்காரர் மகளின் பெயர் இருந்தது.

அவள் தானே எழுதிய பேச்சு அது, தங்கள் தெருவைப் பற்றி. அம்மா தப்பை மட்டும் திருத்திக் கொடுத்தாள். வீட்டில் நேரம் வைத்துப் பேசிப் பழக வேண்டும் என்று தன் கைக்கடிகாரத்தையும் அவிழ்த்துக் கொடுத்தாள். கறுப்புத் தோல்வாரும் சின்ன வெள்ளை முகமும் உள்ள கடிகாரம். தண்ணீர் பட்டுவிடும், கீழே போட்டுவிடுவாய் என்று என்னை அதைத் தொடவே விட்டதில்லை. இத்தனை வருஷம் கழித்து, அம்மா காலமான பிறகு அலமாரி முழுக்கத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமும் அது பெட்டிக்காரர் மகளின் மணிக்கட்டில் இருந்தது. அவள் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது அந்த வெள்ளை முகம் பளிச்சென்று என் கண்ணில் அடிக்கும்.

போட்டியன்று எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள், மேடைக்குக் கீழே உட்கார்ந்து மணி அடிக்கும் வேலை. என் மேஜையில் ஒரு மேஜைக் கடிகாரம், ஒரு பித்தளை மணி. ஹால் சுவரில் கடிகாரம் கிடையாது. அம்மா மேடைப் படியருகே நின்றாள், வெறும் மணிக்கட்டோடு.

ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேருக்கும் சரியாக மூன்று நிமிடத்தில் மணி அடித்தேன். ஏழாவதாக அவள் ஏறினாள். முதல் வரியிலேயே திக்கினாள். நான் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மாவின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள், மறுபடி தொடங்கினாள். அவள் கஷ்டப்படுகிற இடத்தைத் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகு வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக, தயங்கித் தயங்கி என்றாலும், வந்துகொண்டே இருந்தன. ஹால் அமைதியாகிவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் வகுப்பில் முதலாவதாக வந்த எந்தத் தடவையும் அதை நான் பார்த்ததில்லை. “கையெழுத்தை இன்னும் அழகா எழுதிருக்கலாம்” என்பதோடு என் மார்க்கெல்லாம் முடிந்துவிடும்.

நான் மணியை அடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றாள். வாய் அந்த எழுத்தின் வடிவத்திலேயே திறந்திருந்தது. கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பேச முயன்றாள், வெறும் காற்றுதான் வந்தது. பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. பெரிய டீச்சர், “டைம் ஆச்சும்மா, எறங்கு” என்றார். அவள் இறங்கி, வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போடாமல் நேரே வெளியே நடந்தாள்.

ஒரு வாரம் அவள் வரவில்லை. அம்மா அந்த ஒரு வாரமும் என்னை விரட்டவேயில்லை. அடுப்பருகே நின்று அப்படியே யோசித்துக்கொண்டிருப்பாள். நான்தான், “அம்மா, பஸ்ஸு” என்பேன். ஒரு நாள் தனக்குள் பேசுவது போலச் சொன்னாள். “நாந்தான் அவசரப்பட்டுட்டேன். இன்னும் ஒரு வருசம் பொறுத்து மேடை ஏத்தியிருக்கணும்.”

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பெட்டிக் கடைக்குப் போனாள். அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் மண்டைக்குள் இறங்கியது. வரிசையாகக் கடைகள், எல்லாக் கடையிலும் தகரத்தின் மேல் சுத்தியல். புதுப் பெயின்ட் வாசமும் ஈயம் உருகும் வாசமும் கலந்து வந்தன. கடைக்காரர் எழுந்து சலாம் வைத்து, கையால் துடைத்து ஸ்டூல் போட்டார்.

அம்மா உட்காரவில்லை. “பாய், தப்பு எம்மேலதான். உங்க மகள அவசரப்பட்டு மேடையில ஏத்திட்டேன்” என்று அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொன்னாள். சொல்லும்போது தலை குனிந்திருந்தது. என் அம்மா தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.

“அட, என்னா டீச்சரம்மா நீங்க! எம்புள்ளைய பேச வச்சுப் பாத்ததே நீங்க ஒருத்தருதான்” என்றார் அவர். பிறகு என்னிடம், “போம்மா, அது பின்னாடிதான் இருக்கு. கூட்டியா” என்றார்.

கடைக்குப் பின்கட்டில் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் உட்கார்ந்து வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் அம்மாவின் கடிகாரம். நான் அருகில் போய், “அம்மா கூப்புடுறாங்க” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. காதருகே போய்க் கத்தினேன்.

அவள் எழுந்து என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். “நீதான மணி அடிச்ச? ஒரு நிமிசம் அம்பது செகண்டுதான் ஆயிருந்துச்சு. நான் கடியாரத்தப் பாத்தேன். எம்புட்டு நாளு பேசிப் பழகுனேன் தெரியுமா? உனக்கு நான் என்னா பண்ணேன்?”

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. சுத்தியல் சத்தத்துக்கு நடுவே அவ்வளவும் தண்ணீர் மாதிரி வந்தது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன் குரல் தன் காதில் விழாத இடத்தில் அவளுக்குப் பேச்சு தடைபடாது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. தட்டிக்கொண்டிருந்த ஆட்கள் ஆணி எடுப்பதற்காக நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியது.

“டீ… டீ… டீச்சர்ட்ட நான் சொ… சொல்ல மாட்டேன்” என்றாள். “நீ சொ… சொல்லு.”

கடிகாரத்தைக் கழற்றி, உள்ளே வந்த அத்தாவிடம் கொடுத்தனுப்பினாள். வெளியே வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். அம்மா கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளாமல் உள்ளங்கையில் பிடித்திருந்தாள். “உன்னைய வச்சே அவளையும் எட போட்டுட்டேன்டி. நீ எதையும் சட்டுன்னு பண்ணிருவ. உனக்கு யாரும் நிக்க வேணாம், பாக்க வேணாம். எல்லாப் பிள்ளையும் அப்பிடியே இருக்கும்னு நெனச்சுட்டேன்.”

எனக்கு யாரும் நிற்க வேண்டாம் என்று அம்மா நினைத்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். எங்கள் பஸ் வந்து நின்றது. எல்லோரும் முண்டினார்கள். அம்மா வழக்கம்போல் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

“நாந்தாம்மா மணிய முன்னாடியே அடிச்சேன்” என்றேன்.

தோளில் இருந்த கை அப்படியே நின்றது. பஸ் கிளம்பிப் போனது. அம்மா என்னை ஒரு தூணோரமாக நகர்த்தி நிறுத்தினாள்.

“எத்தன நிமிசம்?”

“ரெண்டுகூட ஆகல.”

“எதுக்கு?”

என்னிடம் பேசாத குரலில் நீ அவளிடம் பேசுகிறாய் என்று பதிமூன்று வயதில் எப்படிச் சொல்வது? அம்மா காத்துக்கொண்டு நின்றாள், அன்று எனக்காக. எனக்கு அழுகைதான் வந்தது.

அங்கிருந்து திரும்பவும் பெட்டிக் கடைக்கு நடந்தோம். அவள் அத்தாவிடம் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று அம்மா எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவரோ, “சின்னப் புள்ளைக டீச்சரம்மா, விடுங்க” என்று எதிர்க்கடையில் எனக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தாள் அம்மா. பெட்டிக்காரர் மகள் கடைசி பெஞ்சில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

இதோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் அது பொய். பள்ளிக்குத் திரும்பி வந்தாலும் மாலை வகுப்புக்கு அவள் வர மறுத்துவிட்டாள். அதனால் அம்மா அவள் கடைக்கே போகத் தொடங்கினாள். பின்கட்டில், அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். நான் தனியாக பஸ் ஏறி வந்து, உலை வைத்து, கதவருகே உட்கார்ந்திருப்பேன். அம்மா இருட்டுகிற நேரத்துக்குப் பெயின்ட் வாசத்தோடு வருவாள். ஒரு மணி நேரத்தைப் பறிக்கப் போய், இரண்டு மணி நேரத்தை நானே அவளுக்குக் கொடுத்துவிட்டேன். பள்ளி முடியும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

அவள் பிறகு காலேஜ் படித்தாள், கல்யாணம் ஆனது, அத்தாவுக்குப் பின் கடையை அவளே எடுத்து நடத்தினாள். பெருநாளுக்குப் பெருநாள் அம்மாவைப் பார்க்க வருவாள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களையிலேயே ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். உள்ளே இருவரும் மணிக்கணக்கில் பேசுவது கேட்கும்.

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். கொட்டு, வேட்டு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. மூன்றே முக்காலுக்குப் பெட்டிக்காரர் மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முடியெல்லாம் நரைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தவள் பேச ஆரம்பித்தாள். பேத்தி பள்ளியில் பேசியது, கடையில் புதிதாக ஆள் வைத்தது, முழங்கால் வலி. ஒவ்வொரு வார்த்தையும் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாமா வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். “நேரமாச்சுத்தா. வண்டி வந்துருச்சு. வெரசா முடிக்கச் சொல்லு.”

“பொறுங்க மாமா. அவ பேசி முடிக்கட்டும்” என்றேன்.

நல்ல எண்ணத்தில் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். கடைசி மூன்று வருஷமும் அம்மாவைக் குளிப்பாட்டியது நான், மாத்திரை கொடுத்தது நான், தூக்கி உட்கார வைத்தது நான். எல்லாம் நேரத்துக்கு நடந்தது. ஆனால் அம்மாவிடம் இப்படிச் சொல்லிக்கொண்டே போக என்னிடம் எதுவும் இருந்ததில்லை. அறுபது வயதுக்கு மேலும் அவளைப் பார்க்க எனக்கு எரிந்தது. நிறுத்தச் சொல்லத்தான் வாய் துடித்தது, அன்று அடித்த மணியின் நினைவுதான் தடுத்தது.

அவள் பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

“நீ… நீ பே… பேசிட்டியா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

அவள் எழுந்து என் கையைப் பிடித்து இழுத்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். மாமாவும் இன்னும் நான்கைந்து பேரும் உள்ளே வரப் பார்த்தார்கள். அவள் போய் நிலைப்படியில் குறுக்கே நின்று இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டாள். யாரோ ஏதோ சொன்னார்கள், அவள் கையை எடுக்கவில்லை.

எனக்கு முதல் வார்த்தை வர வெகு நேரம் பிடித்தது. அதுவரை அவள் வாசலைவிட்டு நகரவில்லை.